செல்லுக்கு வெளியேயும் உயிர் உண்டு

1740ஆம் ஆண்டு ஜார்ஜ் ஆன்சன் தலைமையில் இங்கிலாந்திலிருந்து கிளம்பிய போர்க்கப்பல்களில் ஸ்கர்வி நோய் பரவியது. ஈறுகள் வீங்கி ரத்தம் வடிந்தது. தோலில் திட்டுத்திட்டாக நிறம் மாறியது. மாலுமிகள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். அந்தப் பயணத்தைப் பற்றிப் பின்னர் வெளிவந்த நூலில் ஒரு குறிப்பு இருக்கிறது. 50 ஆண்டுகளுக்கு முன் அயர்லாந்தில் நடந்த பாயின் போரில் காயம்பட்ட ஒருவர் அந்தக் கப்பல்களில் ஒன்றில் இருந்தார். அவருடைய புண் எப்போதோ ஆறித் தழும்பாகிவிட்டிருந்தது. ஸ்கர்வி முற்றியபோது அந்தப் பழைய புண், ஆறவே ஆறாததுபோல, மறுபடி வாய் பிளந்தது. நெடுநாள் முன்பு முறிந்து ஒட்டிய எலும்பின் ஒட்டும் விட்டுப்போனதாக அந்நூல் சொல்கிறது. எழுதியவருக்கு அது விளங்காத அதிசயம். நமக்கு இன்று காரணம் தெரியும். தழும்பைக் கட்டிவைத்திருப்பது கொலாஜன் என்னும் புரத நார். அந்த நாரில் பழையது அழிந்துகொண்டும் புதியது உருவாகிக்கொண்டும் இருக்கிறது. புதியதை உருவாக்க வைட்டமின் சி வேண்டும். மாதக்கணக்கில் பச்சைக் காய்கனி இல்லாத கப்பலில் கட்டும் வேலை நின்றது, பிரிக்கும் வேலை நிற்கவில்லை. அரை நூற்றாண்டாக முடிந்துபோன விஷயம் என்று எல்லாரும் நினைத்திருந்த தழும்பு, உண்மையில் ஒவ்வொரு நாளும் புதுப்பிக்கப்பட்டு நின்ற ஒன்று.

பள்ளிக்கூடத்தில் உடலின் திசுக்களை நான்காகப் பிரித்துப் படித்திருக்கிறோம்: எபிதீலியம், தசை, நரம்பு, இணைப்புத் திசு. முதல் மூன்றுக்கும் சொல்லும்படி ஒரு வேலை உண்டு. எபிதீலியம் மூடுகிறது, சுரக்கிறது, தசை சுருங்குகிறது, நரம்பு செய்தி கொண்டுபோகிறது. நான்காவதற்கு மட்டும் இணைப்பது, தாங்குவது, இடைவெளியை நிரப்புவது என்று கடைசியில் ஒரு வரி. தேர்வுக்கு அது போதும். ஆனால் அந்த வரி மனதில் பதிந்துபோனதால், உடலில் எடையாலும் பரப்பாலும் மிகப் பெரிய பங்கு வகிக்கும் ஒரு திசுவை நாம் துணைப் பாத்திரமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கம் தவறு என்பதும், அந்தத் தவறுக்கு உடல்நலத்தில் நாம் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம். செல்லுக்கு உள்ளே இருப்பது மட்டுமே உயிர், வெளியே இருப்பதெல்லாம் வெறும் பொருள் என்ற எண்ணத்தை இணைப்புத் திசுவின் அமைப்பே மறுக்கிறது.

அந்த அமைப்பை முதலில் பார்க்கலாம். மற்ற மூன்று திசுக்களிலும் செல்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நெருங்கியிருக்கும். இடையே இருக்கும் பொருள் சொற்பம். இணைப்புத் திசுவில் இது தலைகீழ். செல்கள் தள்ளித்தள்ளி இருக்கின்றன. அவற்றைச் சூழ்ந்திருக்கும் தளப்பொருள்தான் திசுவின் பெரும்பகுதி. அந்தத் தளப்பொருளில் இரண்டு கூறுகள். ஒன்று நார்கள்: இழுவையைத் தாங்கும் கொலாஜன் நார், நீண்டு பழைய அளவுக்குத் திரும்பும் மீள்நார், கல்லீரல், மண்ணீரல், நிணநீர்க் கணு போன்றவற்றின் உள்ளே வலைபோலப் படர்ந்து செல்களை ஏந்தும் மெல்லிய வலைநார். இன்னொன்று நார்களுக்கு இடையே நிரம்பியிருக்கும் கூழ். ஹயலூரானிக் அமிலம் போன்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளும், அவற்றோடு சேர்ந்த புரதங்களும் ஏராளமான நீரைப் பிடித்துவைத்திருப்பதால் அது கூழாக நிற்கிறது. ரத்தக் குழாயிலிருந்து ஒரு செல்லுக்குப் போகும் ஆக்சிஜனும் உணவும் இந்தக் கூழைக் கடந்தே போகின்றன. நாரையும் கூழையும் செய்துதருவது பெரும்பாலும் ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் செல். அதனுடன் கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ்கள், ஒவ்வாமையில் ஹிஸ்டமினைக் கொட்டும் மாஸ்ட் செல்கள், கொழுப்பு செல்கள் எல்லாம் அங்கே குடியிருக்கின்றன. கொசு கடித்த இடம் தடிப்பதும், புண்ணைச் சுற்றிச் சீழ் கட்டுவதும் இந்தத் திசுவுக்குள் நடக்கும் சண்டையின் அடையாளங்கள்.

இவ்வளவு இருந்தும் இது ஏன் கவனிக்கப்படவில்லை? காரணம் மருத்துவ வரலாற்றில் இருக்கிறது. பிரான்சின் சவியே பிஷா, நுண்ணோக்கியை நாடாமல், வெட்டியும் வேகவைத்தும் அமிலத்தில் ஊறவைத்தும் உடலை ஆராய்ந்து, 21 வகைத் திசுக்கள் உண்டு என்று வகுத்தார். 1802இல், 30 வயதில் இறந்துபோனார். அவர் பார்வையில் உடல் என்பது திசுக்களின் கூட்டு. அரை நூற்றாண்டுக்குப் பின் நுண்ணோக்கிகள் மேம்பட்டன, செல் கோட்பாடு வந்தது. 1858இல் ருடால்ஃப் ஃபிர்ஹோ நோயின் இருப்பிடம் செல் என்று நிறுவினார். நவீன மருத்துவத்தின் மகத்தான திருப்பம் அது. அதன் பலனை இன்றுவரை அனுபவிக்கிறோம். ஆனால் செல்லின் மீது விளக்கு விழுந்ததும் செல்லைச் சூழ்ந்திருப்பது இருட்டுக்குப் போனது. கண்ணாடித் தகட்டில் திசுவைப் பதப்படுத்தும் முறையும் இதற்கு உடந்தை. நீரை வெளியேற்றிச் சாயமேற்றும்போது கூழ் சுருங்கி, நீர் நிறைந்த இடங்கள் ஒட்டிப்போகின்றன. 2018இல் நியூயார்க் ஆய்வாளர்கள் உயிருள்ள திசுவை லேசர் உள்நோக்கியால் பார்த்தபோது, அடர்த்தியான சுவர் என்று நினைத்திருந்த இடத்தில் நீர் நிரம்பிய, கொலாஜன் தாங்கிய அறைகள் தெரிந்தன. செய்தித்தாள்கள் புதிய உறுப்பு கண்டுபிடிக்கப்பட்டது என்று கொண்டாடின. இது ஏற்கெனவே அறிந்த திசுவிடைவெளிதான் என்று உடற்கூறியலாளர் பலர் மறுத்தார்கள். மறுத்தவர்கள் பக்கமே நியாயம் என்று நினைக்கிறேன். ஆனால் ஏற்கெனவே அறிந்த ஒன்று இவ்வளவு ஆச்சரியத்தைக் கிளப்பியது என்றால், அதை எவ்வளவு குறைவாகப் பார்த்திருக்கிறோம் என்பதும் அதிலேயே தெரிகிறது.

இந்தத் திசுவின் முதன்மைப் பொருளான கொலாஜனின் வடிவம் கண்டறியப்பட்டதில் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு. 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைமையை ஏற்றபோது ஜி.என். ராமச்சந்திரனுக்கு 30 வயதுகூட நிரம்பவில்லை. கொலாஜனின் வடிவம் இன்னும் தீராத புதிர் என்று அவருக்குச் சொன்னவர் சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி. பெர்னால். அடையாறில் இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் கொலாஜன் பெற உதவியது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கங்காருவின் வால் தசைநாண் எக்ஸ் கதிர்ப் படங்களுக்குப் பயன்பட்டது. கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து அவர் 1954இலும் 1955இலும் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரைகள், கொலாஜன் மூன்று சங்கிலிகள் சேர்ந்த சுருள் என்று காட்டின. ஒவ்வொரு சங்கிலியும் இடப்பக்கமாக முறுக்கியிருக்கிறது. மூன்றும் சேர்ந்து வலப்பக்கமாக முறுக்கிக்கொள்கின்றன. கயிறு திரிப்பவர்கள் புரியை ஒரு பக்கமும் கயிற்றை எதிர்ப்பக்கமும் முறுக்குவது போலத்தான். இழுத்தால் பிரியாமல் இறுகும். சங்கிலிகள் இவ்வளவு நெருங்க வேண்டுமானால் நடுவில் இடமே கிடையாது. அதனால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியதான கிளைசின் உட்கார்ந்தாக வேண்டும். ஏறக்குறைய 1000 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியில் ஒரே ஒரு கிளைசினுக்குப் பதிலாகப் பெரிய ஒன்று வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, தூக்கினாலே எலும்பு முறியும் குழந்தைகள் சாட்சி. பிறவி எலும்பு நொறுங்கும் நோயில் பல வகைகளுக்குக் காரணம் இந்த ஒற்றை மாற்றம்தான். ராமச்சந்திரனின் மாதிரியில் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருப்பதாக அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் வாதிட்டு, திருத்திய மாதிரி ஒன்றை முன்வைத்தார்கள். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற அந்தக் கேள்வியை விடாமல் துரத்தித்தான், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து, எல்லாப் புரதங்களுக்கும் பொருந்தும் ராமச்சந்திரன் வரைபடத்தை 1963இல் அவர் வெளியிட்டார். உலகெங்கும் புரத வடிவங்களைச் சரிபார்க்க இன்றும் பயன்படும் வரைபடம் அது.

நார், கூழ், செல் ஆகிய மூன்றின் விகிதத்தை மாற்றினால் இணைப்புத் திசுவின் வகைகள் வந்துவிடும். கூழும் செல்லும் மிகுந்து, நார்கள் நாலாபக்கமும் தளர்வாக ஓடினால் தோலுக்கடியிலும் உறுப்புகளுக்கிடையிலும் இருக்கும் தளர்வான திசு. நார்கள் பெருகி ஒரே திசையில் அடுக்கப்பட்டால் தசையை எலும்போடு சேர்க்கும் தசைநாண். எலும்பை எலும்போடு சேர்க்கும் லிகமென்ட்டும் அப்படியே. கபடி வீரரின் முழங்காலில் ஜவ்வு கிழிந்துவிட்டது என்கிறார்களே, பெரும்பாலும் அது இந்த லிகமென்ட்தான். நார்கள் எல்லாத் திசையிலும் பின்னிக்கிடந்தால் தோலின் உள்ளடுக்கு; ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பதனிடப்படுவது அந்த அடுக்கே. கூழ் கெட்டியாகி, மின்னேற்றம் கொண்ட சங்கிலிகளால் நீரை இழுத்துப் பிடித்துக்கொண்டால் குருத்தெலும்பு. முழங்கால் மூட்டில் அது சில மில்லிமீட்டர் தடிமன் மட்டுமே. அதில் ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. அழுத்தம்பட நீர் வெளியேறி, அழுத்தம் நீங்கத் திரும்பி வருவதால்தான் உணவு போகிறது. கெட்டுப்போன குருத்தெலும்பு மறுபடி வளர்வதில்லை என்பதை வில்லியம் ஹண்டர் 1743இலேயே எழுதிவைத்தார். மூட்டுத் தேய்மானத்துக்கு மருந்து தேடும் இன்றைய மருத்துவர்களும் அந்த வாக்கியத்தோடுதான் மல்லுக்கு நிற்கிறார்கள். கொலாஜனில் கால்சியம் பாஸ்பேட் படிகங்கள் படிந்தால் எலும்பு. செல்லுக்குள் கொழுப்புத் துளி நிரம்பித் தளப்பொருள் ஒடுங்கினால் கொழுப்புத் திசு. இதையும் நெடுங்காலம் சேமிப்புக் கிடங்கு என்றே எண்ணியிருந்தார்கள். பசியை அடக்கும் லெப்டின் என்னும் ஹார்மோன் இங்கிருந்து சுரப்பதை ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு 1994இல் கண்டபிறகு, அது நாளமில்லாச் சுரப்பிகளின் வரிசையிலும் சேர்ந்துவிட்டது.

ரத்தத்தையும் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்களே, ஓடும் திரவமும் பாறைபோன்ற எலும்பும் எப்படி ஒரே குடும்பம் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் திணித்துவைத்த குப்பைக்கூடை வகைப்பாடு என்று இதைக் குறைசொல்லும் ஆசிரியர்களும் உண்டு. ஆனால் கருவின் வளர்ச்சியைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு, தசைநாண், ரத்தம் எல்லாம் பெரும்பாலும் கருவின் இடையடுக்கிலிருந்து பிரிந்தவை. ரத்த செல்கள் உண்டாகும் இடமும் எலும்பின் உள்ளேதான். அமைப்பும் பொருந்துகிறது: பிளாஸ்மா என்னும் திரவத் தளப்பொருளில் செல்கள் மிதக்கின்றன. நார் இல்லையே என்றால், நார் மறைந்திருக்கிறது என்பதே பதில். விரலில் வெட்டுப்பட்ட சில நிமிடங்களில் கரைந்திருந்த ஃபைப்ரினோஜன் ஃபைப்ரின் நார்களாக மாறி வலை பின்னுகிறது. பிறகு அந்த வலையின் மேலேறி வந்து ஃபைப்ரோபிளாஸ்ட்கள் கொலாஜனை நெய்கின்றன. ரத்தம் தற்காலிகத் தளப்பொருளாகி நிரந்தரத் தளப்பொருளுக்கு வழிவிடுவதுதான் புண் ஆறுவது என்பது.

இதுவரை சொன்னதெல்லாம் தளப்பொருள் வலுவானது, பலவிதமானது என்பதை மட்டுமே காட்டும். அது செல்லுக்கு ஆணையிடுகிறது என்பதற்கு என்ன சான்று? எலும்பிலிருந்து தொடங்கலாம். பாரம் விழும் திசைக்கேற்ப எலும்பின் உள்ளமைப்பு மாறுகிறது என்று ஜெர்மன் அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இல் எழுதினார். எடையற்ற நிலையில் மாதக்கணக்கில் இருக்கும் விண்வெளி வீரர்கள், உடல் எடையைத் தாங்கும் இடுப்பெலும்புகளில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை தாது அடர்த்தியை இழக்கிறார்கள். உண்ணும் கால்சியத்தில் குறை ஏதும் இல்லை. தளப்பொருள் வளையவில்லை, அதற்குள் சிறைப்பட்டிருக்கும் செல்லுக்கு அழுத்தத்தின் செய்தி எட்டவில்லை, அவ்வளவுதான். 2006இல் ஆடம் எங்லர், டென்னிஸ் டிஷர் குழு செய்த சோதனை இதைவிடத் தெளிவானது. எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஒரே வகை மூல செல்களை மூன்று விதமான கூழ்ப்பரப்புகளில் வளர்த்தார்கள். மூளைபோல மென்மையான பரப்பில் வளர்ந்தவை நரம்பு செல்லின் சாயலைப் பெற்றன. தசைபோன்ற இறுக்கத்தில் தசையின் சாயல். விறைப்பான பரப்பில் எலும்பின் சாயல். ஊட்டப்பட்ட திரவம் ஒன்றே. காலடியில் இருந்த பரப்பின் இறுக்கம் மட்டுமே வேறு.

மார்ஃபன் நோய் இதன் இன்னொரு முகத்தைக் காட்டுகிறது. மீள்நார்களைத் தாங்கி நிற்கும் ஃபிப்ரிலின் என்னும் புரதத்தின் மரபணுவில் ஏற்படும் பிழை அதற்குக் காரணம் என்று 1991இல் தெரியவந்தது. நெடிய உடல், நீண்ட கைவிரல்கள், கண்ணின் வில்லை நழுவுதல் ஆகியவை அதன் வெளி அடையாளங்கள். உயிரைக் குடிப்பது இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி விரிந்து கிழிவது. அமெரிக்கக் கைப்பந்து அணிக்கு 1984 ஒலிம்பிக்கில் வெள்ளி பெற்றுத்தந்தவர்களில் ஒருவரான ஃப்ளோ ஹைமன், ஆறடி ஐந்தங்குல உயரம், 1986 ஜனவரியில் ஜப்பானின் மத்சுயே நகரில் ஆட்டத்துக்கு நடுவே சரிந்து இறந்தார். வயது 31. பிரேதப் பரிசோதனைக்குப் பிறகே மார்ஃபன் நோய் தெரிந்தது. அதனால் அவருடைய சகோதரரைப் பரிசோதித்து, அதே நோய் இருப்பதைக் கண்டு அறுவை செய்ய முடிந்தது. நெடுங்காலம் இதை நைந்த கயிற்றின் கதையாகவே சொன்னார்கள்: நார் பலவீனம், ஆகவே குழாய் கிழிகிறது. ஹேரி டியட்ஸ் குழுவினரின் ஆய்வுகள் கதையை மாற்றின. ஃபிப்ரிலின், டிஜிஎஃப்-பீட்டா என்னும் வளர்ச்சிச் சமிக்ஞையைத் தளப்பொருளில் கட்டிப்போட்டுவைக்கும் காவலும்கூட. காவல் தளர்ந்ததும் சமிக்ஞை அவிழ்ந்து, செல்களைத் தவறாக ஏவுகிறது. எலிகளில் அந்தச் சமிக்ஞையை ஒரு மருந்தால் அடக்கியபோது தமனி விரிவது நின்றது. மனிதர்களில் செய்த பெரிய சோதனையில், 2014இல், லோசார்டன் என்னும் அந்த மருந்து பழைய மருந்தைவிட மேலானதாக நிற்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனாலும் தளப்பொருள் என்பது சமிக்ஞைகளை இருத்திவைத்து வேண்டியபோது விடும் இடம் என்ற புரிதல் அதனால் குலையவில்லை.

புற்றுநோயைச் செல்லின் மரபணுப் பிழையாக மட்டும் பார்ப்பது எவ்வளவு குறையுள்ளது என்பதை ஈரானில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த மினா பிசெல் காட்டினார். கோழியின் இறக்கையில் செலுத்தினால் கட்டி வளர்க்கும் ரவுஸ் வைரஸ், கோழிக் கருவில் செலுத்தினால் கட்டி வளர்ப்பதில்லை என்று அவருடைய குழு 1984இல் வெளியிட்டது. புற்று மரபணு அங்கே செயல்படுகிறது. ஆனால் சூழல் இடம் கொடுக்கவில்லை. 1997இல், தளப்பொருளைத் தொட்டறியும் இன்டெக்ரின் என்னும் ஏற்பியைத் தடுத்ததும், மார்பகப் புற்று செல்கள் கூழுக்குள் சீரான செல்களைப்போல வட்டமாக அடுக்கிக்கொண்டன. மரபணுப் பிழைகள் அப்படியே இருந்தன, நடத்தை மாறியது.

இங்கே வலுவான ஒரு மறுப்பு உண்டு. தளப்பொருளுக்கு வளர்சிதை மாற்றம் இல்லை, அது இனப்பெருக்கம் செய்வதில்லை. செல் செய்து போட்ட பொருளை உயிர் என்பது மிகையல்லவா? அதற்கு ஆதரவாக ஓர் ஆய்வையும் காட்டலாம். 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்தில் கார்பன்-14 பெருகியது. அதை நாட்காட்டியாகக் கொண்டு டென்மார்க் ஆய்வாளர்கள் மனிதக் குதிகால் தசைநாணை அளந்தார்கள். அதன் நடுப்பகுதி ஏறத்தாழ 17 வயதுக்குள் உருவாகி, அதன்பின் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று 2013இல் வெளியிட்டார்கள். தழும்பு தினந்தோறும் மாறுகிறது, தசைநாணின் நடுவோ மாறவே இல்லை. இந்த ஆய்வு என் வாதத்தைத் திருத்துகிறதே தவிர வீழ்த்தவில்லை. தளப்பொருள் தனித்து உயிருள்ளது என்று யாரும் சொல்ல முடியாது. செல் இல்லாமல் அது உருவாவதே இல்லை. ஆனால் தளப்பொருள் இல்லாமல் அந்தச் செல்லுக்கும் தான் யார் என்பது தெரியாது. உயிர் என்பது இரண்டுக்கும் இடையே நடக்கும் கொடுக்கல்வாங்கலில் இருக்கிறது. 2008இல் டோரிஸ் டெய்லர், ஹரால்ட் ஓட் குழு ஓர் எலியின் இதயத்திலிருந்து செல்களை எல்லாம் சலவைத்திரவத்தால் கழுவி நீக்கி, எஞ்சிய வெளிறிய தளப்பொருளில் புதிய செல்களை ஊட்டியது. சில நாட்களில் அது மெலிதாகத் துடிக்கத் தொடங்கியது. எங்கே அறை, எங்கே குழாய் என்ற வரைபடம் முழுவதும் அந்த எஞ்சிய பொருளில் இருந்தது. புதுப்பிக்கப்படாத தசைநாணைப் பொறுத்தவரை, அது கவனத்தைக் குறைப்பதற்கான காரணம் ஆகாது. இளமையில் கட்டியதை வைத்தே கடைசிவரை நடக்க வேண்டும் என்றால், பதின்வயதில் ஓடியாடுவதன் மதிப்பு கூடத்தான் செய்கிறது.

இவ்வளவு அறிந்தும் மருந்து எங்கே என்பது அடுத்த மறுப்பு. கணையப் புற்றில் கட்டியின் பெரும்பகுதி இறுகிப்போன தளப்பொருள். அதிலுள்ள ஹயலூரானிக் அமிலத்தைக் கரைத்தால் மருந்து உள்ளே போகும் என்று எதிர்பார்த்து உருவாக்கிய என்சைம், பெரிய சோதனையில் நோயாளிகளின் ஆயுளைக் கூட்டவில்லை. 2019இல் அந்த முயற்சி கைவிடப்பட்டது. நுரையீரல் நார்த்தடிப்புக்கு அமெரிக்காவில் 2014இல் அனுமதி பெற்ற பிர்ஃபெனிடோன், நின்டெடனிப் ஆகிய இரண்டும் நோயின் வேகத்தைக் குறைக்கின்றன, குணப்படுத்துவதில்லை. தோல்விகள் உண்மை. ஆனால் அவை எதைக் காட்டுகின்றன? தளப்பொருளை அகற்ற வேண்டிய தடைச்சுவராக எண்ணி இடிக்கப்போனார்கள். அது கட்டியை வளர்ப்பதோடு சில இடங்களில் அடக்கியும் வைத்திருக்கிறது என்பது பின்னால் தெரிந்தது. வெறும் நிரப்பு என்ற பழைய எண்ணமே வேறு வேடத்தில் இங்கேயும் வேலைசெய்திருக்கிறது. சந்தையில் விற்கும் கொலாஜன் பொடிகளும் அதே எண்ணத்தின் பிள்ளைகள்: சுவரில் சிமென்ட் குறைந்தால் பூசுவதுபோலத் தோலில் குறைந்ததை வாயால் விழுங்கி நிரப்பலாம் என்ற நம்பிக்கை. ஆட்டுக்கால் சூப்பில் இருப்பதும் கொலாஜன்தான். வெந்து ஜெலட்டினாக அவிழ்ந்தது, ஆறினால் கட்டிக்கொள்கிறது. குடலுக்கு அது மற்றெந்தப் புரதத்தையும்போலச் சிறு துண்டுகளாக உடைபட வேண்டிய உணவு. உடைந்த துண்டுகளை முகத்துக்கு அனுப்பு, முழங்காலுக்கு அனுப்பு என்று நாம் முகவரி எழுத முடியாது. தோலின் ஈரப்பதம் கூடுகிறது என்று சொல்லும் ஆய்வுகளில் கணிசமானவை அந்தப் பொடியைச் செய்பவர்களின் பணத்தில் நடந்தவை. புகையை விடுவதும், வெயிலைத் தவிர்ப்பதும், நெல்லிக்காயும் கொய்யாவும் போதிய பருப்பும் உண்பதும் அதைவிட உறுதியான வழிகள்.

நமக்கு மிக நெருக்கமான இரண்டு இடங்களில் இந்த அலட்சியம் கண்கூடாகத் தெரிகிறது. முதலாவது சர்க்கரை நோய். மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை, ரத்தச் சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் ஒட்டிய குளுக்கோசை அளக்கிறது. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அதோடு அந்தக் கணக்கு முடிந்துபோகும். கொலாஜனின் ஆயுள் ஆண்டுகள். அதில் ஒட்டிய சர்க்கரை வேதிமாற்றம் அடைந்து, அடுத்தடுத்த நார்களைக் குறுக்கே பிணைத்துவிடுகிறது, திசு விறைக்கிறது. கையைத் தலைக்குமேல் தூக்க முடியாத தோள்பட்டை இறுக்கம் சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம் வருவதில் இதற்கும் பங்கு உண்டு. வணக்கம் சொல்லக் கைகூப்பும்போது இரு உள்ளங்கைகளும் விரல்களும் முழுதாக ஒட்டாமல் இடைவெளி விழுவது மருத்துவ நூல்களில் இடம்பெற்ற ஒரு அறிகுறி. செலவில்லாத சோதனை அது. அந்த இடைவெளி இருப்பவர்களுக்குக் கண்ணிலும் சிறுநீரகத்திலும் பாதிப்பு இருக்கும் வாய்ப்பு கூடுதல். ஆனால் நம் ஊரில் சர்க்கரை நோயாளியிடம் எண்ணைக் கேட்கிறோம், கையைக் கூப்பிக் காட்டச் சொல்வது அரிது.

இரண்டாவது பாக்கு. பாக்கு மெல்பவர்களின் கன்னத்து உட்சதை வெளிறி, வரிவரியாக இறுகி, வாய் திறக்கும் அளவு ஆண்டுக்காண்டு குறுகிவரும் நோய் தெற்காசியாவில் பரவலாக உண்டு. வாய் நார்த்தடிப்பு என்று அதைச் சொல்லலாம். நவீன மருத்துவ ஏட்டில் முதலில் பதிவானது 1952இல், கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம். அடுத்த ஆண்டே பம்பாயிலிருந்தும் பதிவு வந்தது. பாக்கிலுள்ள அரிகோலின் ஃபைப்ரோபிளாஸ்ட்களைத் தூண்டிக் கொலாஜனைப் பெருக்குகிறது. பாக்கிலுள்ள செம்பு, கொலாஜனைக் குறுக்கே பிணைக்கும் லைசில் ஆக்சிடேஸ் என்சைமுக்கு ஊக்கம் தருகிறது. பாக்கின் துவர்ப்பான டானின், அந்தக் கொலாஜனைச் சிதைக்க வரும் என்சைமிடமிருந்து அதைக் காப்பாற்றுகிறது. ஆவாரம் பட்டையின் டானினைக் கொண்டு நம் ஊர்த் தோல் தொழிலாளர்கள் காலங்காலமாகச் செய்துவந்ததும் இதே வேதியியல்தான்: தோலின் கொலாஜன் அழுகாமல் உறுதிப்படுத்துவது. இங்கே அது உயிருள்ளவரின் கன்னத்தில் நடக்கிறது. இப்படி இறுகிய வாயில் சிலருக்குப் பின்னர் புற்று வளர்கிறது. புகையிலை கலக்காத பாக்கும் மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருளே என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுப்பு வகைப்படுத்தியது.

தமிழ்நாட்டில் குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் 2013 முதல் தடை உண்டு. தடை மீதான வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. அந்த விவாதங்களில் பெரிதும் பேசப்பட்டது புகையிலை. தாம்பூலத் தட்டில் வரும் பாக்கும், பெட்டிக்கடையில் சிறுவர்களும் வாங்கக்கூடிய இனிப்புப் பாக்குப் பொட்டலமும் யாருடைய கண்ணிலும் படவில்லை. புகையிலை இல்லையே, வெறும் பாக்குதானே என்பதே கேட்கும் பதில். சமாதானமாகச் சொல்லப்படும் அந்தப் பாக்குதான் தளப்பொருளைக் கெட்டியாக்கும் பொருள். வளர்ந்த ஒருவர் வாயை முழுதாகத் திறந்தால், நடு மூன்று விரல்களை நெட்டுக்குத்தாக அடுக்கி மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே வைக்க முடிய வேண்டும். காரம் பட்டதும் வாய் எரிவது, கன்னம் வெளிறுவது, விரல் இரண்டுக்கு மேல் நுழையாமல் போவது என்ற வரிசையில் இந்த நோய் நகர்கிறது. எரிச்சல் தொடங்கும்போதே மெல்லுவதை நிறுத்தினால் மேலும் இறுகுவதைத் தடுக்க வழி உண்டு. இறுகி முடிந்தபின், ஊசியும் வாய்ப் பயிற்சியும் அறுவையும் ஓரளவுக்கு வாயைத் திறக்கவைக்கும். கன்னத்தின் பழைய நெகிழ்வு முழுதாகத் திரும்புவதில்லை. அந்த வாயை ஆயுள் முழுக்கப் பல் மருத்துவரிடம் காட்டிவர வேண்டும்.